இடது கால் சீல்

பழைய போர்வை ஒன்றில் சுற்றி எடுத்துவந்ததை டீச்சர் மேஜைமேல் கிடத்தும்போதே உள்ளே என்ன இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. போர்வையைப் பிரிக்கையில் டீச்சரின் வலது கை தோள் உயரத்துக்கு வந்ததும் நின்றுகொண்டது. மிச்ச வேலையை இடது கை பார்த்தது. மலை சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க். பதினோரு மாதமாக யாரும் தொடாதது. இரண்டு கால்களில் வலது காலில் வெறும் தூசி. இடது கால் மட்டும் மேலிருந்து கீழ்வரை கறுத்து, வழிந்த ஆயிலும் மண்ணும் ஒன்றாகக் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

அக்கா அதைத் தொடவில்லை. குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். சந்தோஷம் தாங்கவில்லை. பதினோரு மாதமாக எதைக் கேட்டு வேண்டிக்கொண்டிருந்தாளோ அது தன் காலாலேயே நடந்து அவள் வீட்டு வாசலுக்கு வந்திருந்தது.

"இத என்ன பண்ணணும் டீச்சர்?" என்று ஒன்றும் தெரியாத மாதிரி கேட்டாள்.

"சீல் மாத்தணும் அக்கா. டாக்டர் ஓட்டலாம்னு சொல்லிட்டார். மலைப்பக்கம்லாம் இல்ல. சும்மா ஏரிக்கரை வரைக்கும்." டீச்சர் கொஞ்சம் தயங்கினார். "முதல்ல உங்க தம்பி கடைக்குத்தான் போனேன். அவர் போர்வையப் பிரிச்சுக்கூடப் பாக்கல. இத அக்காகிட்டயே குடுத்துடுங்க, அவங்க தனியா உக்காந்து நிதானமா பாக்கட்டும்னு அனுப்பிட்டார்."

பயந்துட்டான், என்று அக்கா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். திறந்தால் உள்ளே இருப்பது அவனுடைய வண்டவாளம். அதைத் தன் கையாலேயே திறக்க எவனுக்குத்தான் துணிச்சல் வரும்.

அந்த வட்டாரத்தில் சைக்கிள் ஓட்டுகிற எல்லோருக்கும் அவள் அக்காதான். தலை முழுக்க நரைத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கட்டின புருஷன் ஒருவர்தான் பாக்கி. நிஜமாகவே அவளை அக்கா என்று கூப்பிட உரிமை உள்ளவன் ஒரே ஒருத்தன். அவனோடு அவளுக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

கடையை இரண்டு பேரும் சேர்ந்துதான் ஆரம்பித்தார்கள். முன்னால் அவன், ஆட்களிடம் பேசுவது, புது சைக்கிள் விற்பது. பின்னால் பட்டறை, அது அவள் ராஜ்ஜியம். ஃபோர்க் வேலைக்கு அவளைவிட்டால் ஆள் கிடையாது என்று பேர் வாங்கியிருந்தாள். மேலே இருக்கிற பளபளப்பான இரண்டு குழாய்களும் கீழே இருக்கிற இரண்டு கால்களுக்குள் இறங்கி ஏறவேண்டும். ஒவ்வொரு காலின் வாயிலும் ஒரு ரப்பர் சீல், அதற்கு அடியில் ஆயிலில் ஊறவைத்த ஒரு ஸ்பாஞ்ச் வளையம். சீலின் வேலை ரொம்பச் சின்னது: மண்ணை உள்ளே விடக்கூடாது, ஆயிலை வெளியே விடக்கூடாது. இந்தச் சின்ன வேலையை அது ஒழுங்காகச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டீச்சரின் தோள்பட்டையே சாட்சி.

வேலை அதிகம் இருக்கிற நாளில் தம்பியும் பட்டறைக்குள் வந்து கைகொடுப்பான். அதற்கென்று அவர்களுக்கு ஒரு முறை இருந்தது. கால்கள் இரண்டையும் ஒரு மரக்கட்டையில் செருகி மேஜை நடுவில் நிறுத்துவார்கள். இரண்டு கால்களையும் இணைக்கிற வளைவு ஃபோர்க்குக்கு முன்பக்கம் இருக்கும். அது எப்போதும் தம்பியைப் பார்த்து நிற்கும். அக்கா பின்பக்கம், சைக்கிள் ஓட்டுகிறவர் உட்காரும் பக்கம். எதிரும் புதிருமாக நின்றுகொண்டு ஆளுக்கு அவரவர் வலது கைப்பக்கத்துக் கால். பேச்சே இல்லாமல் ஒரு மணி நேரத்தில் நாலு ஃபோர்க்கை முடிப்பார்கள். பார்க்கிறவர்கள் கண் போட்டுவிடுவார்கள் என்று அக்காவின் புருஷன் கேலி செய்வார்.

மலைச்சரிவுப் போட்டிக்கு முந்தின நாள் ஐந்து ஃபோர்க் வந்து விழுந்தது. கடைசியாக டீச்சருடையது. மறுநாள் மூன்றாவது வளைவில் டீச்சர் பிரேக் பிடித்தார், பிடிக்கவில்லை. இடது காலின் சீல் வழியாக ஆயில் கசிந்து, காலோடு வழிந்து, பிரேக் கவ்வுகிற டிஸ்க் தட்டின் மேல் இறங்கியிருந்தது. டிஸ்க் இருப்பது இடது பக்கம்தான், எல்லா சைக்கிளிலும். டீச்சர் பாதை ஓரத்தைத் தாண்டிப் போய்ப் பாறையில் விழுந்தார். கழுத்துப்பட்டை எலும்பு இரண்டாக, தோள் மூட்டு அதைவிட மோசமாக. கணக்கு டீச்சர். இப்போது கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதுகிறார்.

அடுத்த வாரம் சைக்கிள்காரர்கள் கூட்டம் போட்டார்கள். அந்த சீல் யார் போட்டது என்று டீச்சர் வீட்டுக்காரர் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி தரையைப் பார்த்தபடி, "இடது கால் அக்கா போட்டது" என்றான்.

நாங்கள் போட்டோம் என்று சொல்லவில்லை. எங்கள் கடையில் போட்டது என்று சொல்லவில்லை. அக்கா போட்டது. முப்பது தலையும் அவள் பக்கம் திரும்பியது. அவளுக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் வார்த்தை வந்தது. வந்தது நிற்கவே இல்லை. வலது கால் நான், இடது கால் அவன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, என் வலது கைப்பக்கம் இருந்தத நான் போட்டேன். மறுநாள் கடையில் போய்க் கத்தினாள். அவன், "அக்கா, ஃபோர்க் அன்னைக்கு..." என்று எதையோ ஆரம்பித்தான். அவள் முடிக்கவிடவில்லை. தன் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவள்தான். அதற்குப் பிறகு வீட்டை ஒட்டிய கார் ஷெட்டில் பஞ்சர் ஒட்டினாள், பிள்ளைகள் சைக்கிளுக்குச் செயின் மாட்டினாள். ஒரு ஃபோர்க்கூட அவளைத் தேடி வரவில்லை. யாரும் திட்டவும் இல்லை. தெருவில் பார்த்தால் நல்லா இருக்கீங்களா அக்கா என்றார்கள். சைக்கிளை மட்டும் அவன் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

புருஷன் பஸ் ஓட்டுகிறவர். எதையும் நிதானமாக எடுத்துக்கொள்கிறவர். பதினோரு மாதத்தில் இந்த வலது கால் கதையை அவர் எத்தனை தடவை கேட்டிருப்பார் என்று கணக்கில்லை. "ஆமா, வலது கால்தான், நான் என்ன இல்லன்னா சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போகக் கற்றுக்கொண்டிருந்தார்.

இப்போது மேஜைமேல் கிடந்தது வெறும் ஃபோர்க் இல்லை. அவளுக்கு அது எழுதி ஒட்டி மூடி வைத்த கடிதம். ஏனென்றால் அவள் வேலைக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. சீலின் விளிம்பில் கம்பெனி எழுத்து இருக்கும். அதை முன்பக்கம் பார்த்து நட்டநடுவில் நேராக வைப்பாள். எதிர்ப்பக்கம் என்பதால் கண்ணால்கூடப் பார்க்கமாட்டாள், கட்டைவிரலால் தடவியே நிறுத்துவாள். தம்பிக்கு அதெல்லாம் கிடையாது, எழுத்து எந்தத் திசையில் விழுந்தாலும் சரி. இரண்டாவது, கிரீஸ். கடையில் பெரிய டப்பாவில் இருப்பது தேன் நிறம். அவள் அதைச் சீலுக்குத் தொடவே மாட்டாள். சின்ன ட்யூபில் வரும் பச்சை கிரீஸைத் தானே வாங்கிப் பெட்டியில் வைத்திருப்பாள். அது இளகாது, காயாது, வருஷக்கணக்கில் அப்படியே நிற்கும்.

"ஞாயித்துக்கிழமை காலைல வாங்க டீச்சர்" என்றாள். "உங்க முன்னாடியே திறக்கறேன். உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க."

"அவர் ஊர்ல இல்ல அக்கா. அதுக்கெல்லாம் எதுக்கு..."

"நீங்களாவது வாங்க. நீங்க பாக்கணும்."

அன்று சாயங்காலமே புருஷனைக் கடைக்கு அனுப்பினாள், தம்பியைக் கூப்பிட. அவளாக அவன் வாசலை மிதிக்கமாட்டாள். வருகிறேன் என்றானாம். ஆனால் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுத்தான் சொன்னானாம்.

"யோசிப்பான். யோசிக்காம என்ன பண்ணுவான்" என்றாள் அக்கா. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டு நாளும் அவள் வேறு எதையும் நினைக்கவில்லை. என்ன சொல்லவேண்டும், எந்த வரிசையில் சொல்லவேண்டும் என்று ஒத்திகை பார்த்தாள். முதலில் எழுத்தைக் காட்டவேண்டும். பிறகு தேன் நிற கிரீஸ். பிறகு ஒன்றும் சொல்லாமல் அவனைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான், அவனாக வாயைத் திறக்கிறவரை. எல்லாவற்றையும் வீடியோ எடுத்து சைக்கிள்காரர்கள் குழுவில் அன்றைக்கே போடவேண்டும். அவன் எங்கே நிற்கவேண்டும் என்பதைக்கூட முடிவு செய்து வைத்திருந்தாள். ஷெட் வாசலுக்கு நேரே, முகத்தில் வெயில் விழுகிற இடத்தில். முகம் தெளிவாக விழவேண்டும் இல்லையா. அக்கா மேல் இருக்கிற பாசத்தில் அவன் ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவளைத் தூக்கிப் போட்டானே, அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட நல்ல துணியை உடுத்திக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள். புருஷன் மேலும் கீழும் பார்த்தார். "ஏதாவது கல்யாணமா?"

"ஃபோனப் பிடிங்க. நடுவுல நிறுத்தக்கூடாது. யாராவது கூப்பிட்டா எடுக்காதீங்க."

டீச்சர் முதலில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். தம்பி பத்து நிமிஷம் கழித்து வந்தான். இளைத்திருந்தான். முன்பெல்லாம் அவன் இளைத்தால் அவளுக்குச் சோறு இறங்காது. இப்போது நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் கையைக் காட்டிய இடத்தில், மேஜைக்கு எதிரே, வெயிலில் போய் நின்றான். டீச்சருக்குக் கேட்காத குரலில், "அக்கா, யாரும் இல்லாதப்ப நீயே திறந்து பாத்திருக்கலாம்ல" என்றான்.

"ஏன், வெக்கமா இருக்கா?"

அவன் தோளில் கிடந்த துணியை எடுத்து மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டான்.

ஃபோர்க்கின் மேல் தண்டை வைஸ் இடுக்கியில் கடித்து நிறுத்தினாள். ஃபோனில் சிவப்புப் புள்ளி வந்தது. "பாருங்க டீச்சர், அன்னைக்கு விழுந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. நான் துடைக்கக்கூட இல்ல." இடது காலின் மேல் விளிம்பில் பொருக்கை ஈரத்துணியால் நனைத்து ஊறவைத்தாள். முன்பக்கம் மட்டும் துடைத்தாள். கறுப்பு ரப்பர் மொழுமொழுவென்று தெரிந்தது. எழுத்து இல்லை.

"இதான் முன்பக்கம். நான் போட்டிருந்தா எழுத்து இங்க நேரா நிக்கும். இந்த ஊர்ல யார வேணாலும் கேளுங்க. இல்ல பாத்தீங்களா." புருஷன் பக்கம் திரும்பினாள். "விழுந்துச்சா?"

"விழுது, விழுது" என்றார் அவர்.

அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. தம்பியைப் பார்த்தாள். அவன் ஃபோர்க்கைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை. தலையைக் குனிந்திருக்க வேண்டியவன் அப்படியா பார்ப்பான்.

ஃபோர்க்குக்குள் அடைத்திருந்த காற்றை இறக்கினாள். உஸ்ஸென்று நீளமாகப் போயிற்று. இரண்டு கால்களின் அடியிலும் இருந்த போல்ட்டைத் தளர்த்தி, தட்டை அடியில் வைத்து, ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினாள். வலது காலிலிருந்து ஆயில் வந்தது. பழசானாலும் தெளிவாக, அளவாக. இடது காலிலிருந்து நாலு சொட்டு. அதுவும் கரி மாதிரி. கால்கள் இரண்டையும் உருவி எடுத்து, மரக்கட்டையில் செருகி, வளைவு தம்பியைப் பார்க்கிற மாதிரி மேஜை நடுவில் நிறுத்தினாள். கை தானாகச் செய்தது. எதிரும் புதிருமாக அவர்கள் இரண்டு பேரும் பதினோரு மாதத்துக்குப் பிறகு நின்றார்கள்.

முதலில் தன் வேலையைக் காட்டிவிட்டுப் பிறகு அவனுடையதைக் காட்டலாம் என்று தோன்றியது. வலது காலைத் துடைத்துக்கொண்டே, "இது நான் போட்டது" என்றாள். எழுத்து முன்பக்கம் இல்லை. பக்கவாட்டில் கோணலாகப் போயிருந்தது. விரலை உள்ளே விட்டு வழித்தாள். தேன் நிறம்.

ஒரு நிமிஷம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ட்யூப் அன்றைக்குத் தீர்ந்திருக்குமோ என்று நினைத்தாள். அவசரத்தில் பெரிய டப்பாவில் கைவிட்டிருப்பேனோ என்று நினைத்தாள். நெம்புகோலை எடுத்து இடது கால் சீலின் அடியில் கொடுத்து நெம்பினாள். வழக்கமாக முரண்டு பிடிக்கும், இரண்டு மூன்று இடத்தில் கொடுத்துத் தூக்கவேண்டும். இது ஒரு பக்கம் சட்டென்று எழும்பி வந்துவிட்டது. சரியாக உட்காரவே இல்லை. ஸ்பாஞ்ச் வளையத்தின் ஓரம் நகக்கண் அளவுக்குச் சீலுக்கும் இரும்புக்கும் நடுவில் சிக்கி நசுங்கியிருந்தது. அழுத்தும்போது விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

சீல் திரும்பாமல், இருந்தபடியே அவள் கைக்கு வந்தது. உள்விளிம்பு முழுக்கப் பச்சை. பதினோரு மாதம் ஆகியும் இளகாமல், காயாமல்.

எழுத்து பின்பக்கம் இருந்தது. நட்டநடுவில், நூல் பிடித்த மாதிரி நேராக, அவளைப் பார்த்து.

அப்போதுதான் அந்த சாயங்காலம் அவளுக்கு முழுசாகத் திரும்பி வந்தது. ஐந்தாவது ஃபோர்க். போட்டிக்காரர்கள் வாசலில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கால்களை மரக்கட்டையில் செருகினது அவள்தான். திருப்பிச் செருகிவிட்டாள். வளைவு அவளைப் பார்த்து நின்றது, அவள் கவனிக்கவில்லை. எதிரே நின்ற தம்பி கவனித்திருப்பான். சொல்வதற்குள் அவள் தன் வலது கைப்பக்கத்துக் காலை எடுத்துக்கொண்டுவிட்டாள். திருப்பி நிற்கிற ஃபோர்க்கில் அவள் வலது கைப்பக்கம் இருப்பது இடது கால். வழக்கம்போலக் கட்டைவிரலால் தடவி எழுத்தை எதிர்ப்பக்கம் நிறுத்தியிருக்கிறாள். வழக்கம் எதையும் விடவில்லை. ஸ்பாஞ்சைத் தடவிப் பார்க்கிற வழக்கத்தை மட்டும் அன்றைக்கு விட்டிருக்கிறாள்.

வலது கைப்பக்கம் இருந்ததை நான் போட்டேன். உண்மைதான். அவள் ஞாபகத்தில் ஒரு பிசகும் இல்லை.

"என்னக்கா?" என்றார் டீச்சர் ஸ்டூலிலிருந்து.

அக்கா தம்பியைப் பார்த்தாள். ஜெயித்துவிட்டோம் என்கிற சாயல் அவன் முகத்தில் கொஞ்சம் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். தேடினாள், இல்லை. அவனுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. கடையில் அவன் ஆரம்பித்து அவள் முடிக்கவிடாத வாக்கியம் இதுதான். டீச்சரிடம் தனியா உக்காந்து பாக்கட்டும் என்று சொல்லி அனுப்பியதும் இதற்குத்தான். சாட்சிக்கு ஆள் கூப்பிட்டதும், ஃபோனை நீட்டச் சொன்னதும், அவனை வெயிலில் நிறுத்தியதும் அவள்.

அவன் தோளில் கிடந்த துணியை எடுத்து மேஜைக்கு மேலாக அவளிடம் நீட்டினான். கையைத் துடைத்துக்கொள்ள. ஒரே வழி வழித்தால் போதும், பச்சை போய்விடும். எழுத்து எந்தப் பக்கம் இருந்தது என்பது கழற்றி எடுத்த சீலில் யாருக்கும் தெரியாது. டீச்சருக்கு இதெல்லாம் படிக்கத் தெரியாது. புருஷனுக்குத் தெரியவே தெரியாது. துணியை அவன் இறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

அந்தத் துணியைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கோபம் பொங்கியது. பதினோரு மாதமாக வளர்த்ததைவிடப் பெரிய கோபம். இவனுக்கு எவ்வளவு பெரிய மனசு. கூட்டத்தில் முப்பது பேர் முன்னால் நாங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல வரவில்லை, இப்போது துணி நீட்டுகிறான். உண்மையைத்தான் சொன்னான் என்பதற்காக அவனை விட்டுவிட முடியாது. உண்மையாகவே இருந்தாலும் நாங்கள் என்று சொல்லியிருக்கலாம். இதை வாங்கித் துடைத்தால் சாகிறவரை அவன் எதிரில் தலை நிமிர முடியாது. அவனுக்கு அந்த சந்தோஷத்தை அவள் கொடுக்கமாட்டாள்.

"என்ன ஆச்சு? நிறுத்திடவா?" என்றார் புருஷன்.

"வேண்டாம். ஓடட்டும்."

துணி நீட்டியபடியே இருந்தது. அக்கா அதை வாங்காமல் வாசல் பக்கம் வந்தாள். சீலை இரண்டு விரலால் விளிம்பில் பிடித்து, நசுங்கிய ஸ்பாஞ்ச் துணுக்கும் பச்சையும் தெரிகிற மாதிரி வெளிச்சத்துக்கு நேராக உயர்த்தினாள்.

"டீச்சர், இங்க வந்து பாருங்க. இந்தப் பச்சை கிரீஸ் என் பெட்டியில மட்டும்தான் இருக்கும்."

டீச்சர் எழுந்து வந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அண்ணாந்து பார்த்தார். கிட்டத்தில் வைத்துப் பார்க்க அதை வாங்கலாம் என்று, மறந்துபோய், வலது கையை நீட்டினார். அது தோள் உயரம் வரைக்கும் வந்து, விரல்கள் விரிந்தபடி, அங்கேயே நின்றது. பதினோரு மாதத்தில் அக்கா அந்தக் கையை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் தம்பி செய்த வேலையாகத்தான் பார்த்திருக்கிறாள்.

உயர்த்தின கையை மெதுவாக இறக்கினாள், அந்த விரல்களுக்கு எட்டுகிற இடம் வரைக்கும். டீச்சர் சீலை வாங்கிக்கொண்டார். அவர் கட்டைவிரலிலும் பச்சை ஒட்டிக்கொண்டது.